சுமை எங்கே போய் இறங்குகிறது?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பட்டறைகளில் சிறிய கார்களின் சஸ்பென்ஷனுக்குப் போடப்படும் ரப்பர், பிளேட், பார்: எது காக்கும், எது உடைக்கும்?

மாருதி 800 காரின் வெற்று எடை ஏறத்தாழ 650 கிலோ. ஆளுக்கு 65 கிலோ என்று வைத்து ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் 325 கிலோ. வண்டியின் எடையில் பாதி வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. இன்ஜின் முன்னால் இருப்பதால், காலியாக நிற்கும்போது பின் அச்சின் மேல் விழுவது மொத்த எடையில் நாற்பது விழுக்காடுதான், சுமார் 260 கிலோ. ஐந்து பேரோடு டிக்கியில் ஓர் ஐம்பது கிலோ மூட்டையும் சேர்ந்தால் அந்த 260 இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆல்டோ, வேகன்-ஆர், சான்ட்ரோ, இண்டிகா என எந்தச் சிறிய காரை எடுத்தாலும் கணக்கு கொஞ்சம் முன்பின் மாறும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஆம்பூர் பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் ஒருவர் வண்டியை நிறுத்தி, "பாய், பின்னாடி ரொம்ப அமுங்குது, ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டுது, ரப்பர் ஏதாச்சும் போட்டு விடுங்க" என்று ஏன் கேட்கிறார் என்பது புரியும்.

தோல் தொழில் நடக்கும் இந்த வட்டாரத்தில் சிறிய கார் வெறும் குடும்ப வண்டி இல்லை. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48 மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தொழில் ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது. குடியாத்தமும் பேரணாம்பட்டும் அதிலிருந்து பிரியும் கிளைச் சாலைகளில் இருக்கின்றன. நெடுஞ்சாலை வழவழவென்று இருக்கிறது. ஆனால் தொழில் நடப்பது சந்துகளில். ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். வெட்டிய தோல் அவர்களிடம் போக வேண்டும், தைத்த அப்பர் திரும்பி வர வேண்டும். கட்டிங் டை, லாஸ்ட் என்னும் ஷூ அச்சு, பசை டின், சோல் பெட்டி எல்லாம் ஒரு யூனிட்டிலிருந்து இன்னொரு யூனிட்டுக்கு அலைகின்றன. லாரி பிடிக்கும் அளவுக்குச் சரக்கு இல்லாதபோது பழைய ஓம்னியோ ஆல்டோவோதான் சுமக்கிறது. எஃகுப் பட்டையால் செய்த கட்டிங் டை பார்க்கச் சின்னதாக இருக்கும். பத்துப் பதினைந்து சேர்ந்தால் டிக்கி உட்கார்ந்துவிடும்.

சாலைகளையும் சொல்ல வேண்டும். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வளைவாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது ஒரு முழ அகலத்தில் போட்ட தார் மேடு. வேலூரில் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டிய தெருக்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக மூடப்படாமல் கிடந்ததை ஊரே அறியும்.

ஆக, வண்டி அமுங்குகிறது என்ற புகார் உண்மை. அதற்குத் தரப்படும் மருந்துதான் பல நேரம் தவறு. ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் சுமை குறைந்துவிடாது, வேறு ஓர் இடத்தில் போய் இறங்கும். அந்த இடம் எது, அது தாங்குமா என்று பார்க்காமல் மாட்டப்படும் எந்த 'பலப்படுத்தும்' சாமானும் ஆபத்துதான்.

ஏப்ரன் என்னும் தகரம்

சிறிய கார்களில் முன் சக்கரத்தைத் தாங்குவது மேக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மேக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்னக் கார் திட்டத்துக்காக யோசித்தது. அந்தக் கார் வெளிவரவில்லை. அவர் ஃபோர்டுக்குப் போன பிறகு 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஃபோர்டு கார்களில் அது பரவலாக வந்தது. இடம் குறைவு, பாகம் குறைவு, விலை குறைவு. அதனால்தான் உலகின் சிறிய கார்கள் ஏறக்குறைய எல்லாமே அதைப் பிடித்துக்கொண்டன.

இதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும். தூணின் கால் சக்கரத்தோடு பூட்டியிருக்கும். தலை, பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் தெரியும் வட்ட மேடையில் ரப்பர் மவுன்ட் வழியாக உட்கார்ந்திருக்கும். அந்த மேடையும் அதைச் சுற்றிய தகடும் பட்டறை மொழியில் ஏப்ரன். தனியாகச் சேசிஸ் இல்லாத வண்டி என்பதால், சக்கரத்தில் விழும் ஒவ்வொரு அடியும் கடைசியில் வந்து சேர்வது இந்தத் தகடுகளில்தான். பின்னால் ஆக்சிலைப் பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்ம் பிராக்கெட், காயில் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், ஷாக்கின் மேல் முனை எல்லாமே மடித்து ஸ்பாட் வெல்டிங் செய்த தகரம்.

அந்தத் தகரம் இந்த ஊரில் என்ன ஆகிறது என்பதைப் பார்க்காமல் எதையும் மாட்டக்கூடாது.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போடுவார்கள். தோலின் எடையில் 30 முதல் 50 விழுக்காடு வரை உப்பு செலவாகும். சென்னை அடையாறில் 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உப்பைக் குறைக்கும் முறைகளைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. ஆனாலும் பெருமளவு தோல் இன்னும் உப்பில்தான் வருகிறது. உப்பால் பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் என்ன நேர்ந்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் தந்த தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. வண்டிகளுக்கு என்ன நேர்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. பக்ரீத் முடிந்த நாட்களில் ஆட்டுத்தோல் கட்டுகள் கிடைத்த வண்டியில் எல்லாம் ஏறும். தோலிலிருந்து கசியும் உப்புத் தண்ணீர் தரை விரிப்புக்கு அடியில் இறங்கி, மடிப்பு மடிப்பாக இருக்கும் தகட்டின் உள்ளே போய்த் தங்கிவிடும். தோல் பதனிடும் ஷாப்பு வாசல் ஈரத்தில் தினமும் நிற்கும் வண்டிக்கும் கீழே அதே கதைதான். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகளும் இன்று கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளியே டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்திருப்பார்கள். உள்ளே துரு வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும்.

கையால் பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. பின் சீட்டின் பக்கவாட்டில் சக்கர வளைவின் மேல் உள்ள விரிப்பை எடுத்துவிட்டு, ஷாக்கின் மேல் போல்ட்டைச் சுற்றிய தகட்டை ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பின்புறத்தால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். துருப்பிடித்தது மொத்தென்று ஒலிக்கும், பெயின்ட் கொப்புளம் உடைந்து பழுப்புப் பொடி கொட்டும். கிண்ணத்தின் விளிம்பில் முடி போல ஒரு கோடு தெரிந்தால் அது அழுக்காகவும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். விரிசலின் நடுவில் துருக்கோடு ஓடும். அப்படி இருந்தால் அன்றைக்கு ரப்பர், பார் பேச்சே வேண்டாம். முதலில் தகட்டு வேலை. மேல்தோல் நைந்த ஷூவுக்குக் கனத்த புது சோல் வைத்துத் தைத்தால் கிழிவது எது என்று ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ரப்பருக்குள் என்ன இருக்கிறது

அதிகம் விற்பது காயில் ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே செருகும் வளையம். 'பஃபர்' என்றும் 'ஸ்பிரிங் ரப்பர்' என்றும் சொல்வார்கள். பெரும்பாலானவை பாலியூரிதேன், அதாவது ஷூ சோல் வார்க்கும் அதே 'பியூ' குடும்பம்.

இந்த ஊருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பொருளின் கடினத்தை அளக்கும் ஷோர் மீட்டர் சோல் தரம் பார்க்கும் இடங்களில் எல்லாம் இருக்கும். நடக்கும் ஷூவின் சோல் ஷோர் ஏ அளவில் 60ஐ ஒட்டி நிற்கும். சஸ்பென்ஷன் மூட்டுகளுக்குள் வரும் பியூ புஷ்கள் 80, 90 என்று ஏறும். வண்டியோடு வந்த ரப்பர் புஷ் அதைவிட மெத்தென்று இருக்கும். அந்த மெத்தனம் குறை இல்லை. அதிர்வைத் தகட்டுக்கு விடாமல் தானே வாங்கிக்கொள்வதற்காக வைத்தது. அதை எடுத்துவிட்டுக் கடினமான பியூ போட்டால் ஸ்டீயரிங் கூர்மையாக இருப்பதுபோலத் தோன்றும், அதுவரை ரப்பர் வாங்கிய அடியை பிராக்கெட்டும் அதன் வெல்டிங்கும் வாங்கத் தொடங்கும். பியூவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அலமாரியில் இரண்டு மூன்று வருடம் சும்மா கிடந்த ஷூவின் சோல் ஒருநாள் பிட்டுப்பிட்டாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரம் சில வகைப் பியூவை உள்ளிருந்தே சிதைத்துவிடும். விலை மலிந்த பஃபரில் என்ன வகை இருக்கிறது என்று பொட்டலத்தில் எழுதியிருக்காது.

பஃபர் வேலை செய்யும் விதம் எளிது. ஸ்பிரிங்கில் ஆறு சுற்றுகள் அசைகின்றன என்றால், ஒன்றை ரப்பர் பூட்டிவிடும். மீதி ஐந்துதான் அசையும். ஸ்பிரிங்கின் கெட்டித்தனம் ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் 20 விழுக்காடு ஏறும். உயரமும் கொஞ்சம் கூடும். ஷாக் அப்சார்பர் மட்டும் பழைய ஸ்பிரிங்குக்குத் தோதாக அமைத்ததாகவே இருக்கும். கெட்டியான ஸ்பிரிங் எம்பும் வேகத்தை அதனால் பிடித்து நிறுத்த முடியாது. வண்டி அமுங்குவது குறைந்து குதிப்பது கூடும். ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே மணல் புகுந்து ஸ்பிரிங்கின் பெயின்ட்டை அரைக்கும். அந்த இடத்தில் துரு குழி விழும். ஸ்பிரிங் ஒருநாள் அங்கேதான் முறியும்.

ஷாக் ஒழுகாமல், தகடு பழுதில்லாமல், ஸ்பிரிங் முறியாமல் இருந்து, எப்போதாவது முழுச் சுமை ஏற்றும் வண்டியின் பின்பக்கத்துக்கு மட்டும் நல்ல கம்பெனி பஃபர் போடுவதில் தவறில்லை என்பது என் எண்ணம். முன்பக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்ட்ரட் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும், பிரேக் ஹோஸும் டயரும் விரல் தூரத்தில் இருக்கும். நழுவிய ரப்பர் எதில் போய்ச் சிக்கும் என்று சொல்ல முடியாது.

பின்பக்கம் உயர்வதில் ஒரு மறைந்த ஆபத்து உண்டு. பல சிறிய வேன்களிலும் சில கார்களிலும் பின் ஆக்சிலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்பிரிங்கோடு வால்வு ஒன்று மாட்டியிருக்கும். சுமை ஏறி வண்டி அமுங்கினால் அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக உயர்ந்து நின்றால் அழுத்தத்தைக் குறைத்து, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ஸ்பேசர் வைத்தோ ரப்பர் செருகியோ பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், சுமை நிறைந்திருக்கும்போதும் வண்டி காலி என்றே அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். ஆள் நிறைந்த வண்டியில் பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். லோடு ஏற்றத்தான் ரப்பர் போட்டோம், லோடு ஏற்றும்போதுதான் பிரேக் குறைகிறது. உங்கள் வண்டியில் அந்த வால்வு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். இருந்தால் கம்பெனி மேனுவல்படி அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் மட்டுமே உயரத்தைத் தொடலாம்.

பழைய ஓம்னிக்குப் பின்னால் காயில் இல்லை, பிளேட் அடுக்கிய பட்டை ஸ்பிரிங். அதற்கு இன்னொரு பிளேட் சேர்ப்பது அம்பாசடர் டாக்ஸி காலத்திலிருந்து வரும் பழக்கம். காயிலுக்கு நடுவே ரப்பர் செருகுவதைவிட இது நேர்மையான வேலை. ஆனால் பிளேட் கூடும்போது யூ-போல்ட்டின் நீளம் போதாமல் போகும், நட்டில் மரை முழுதாகப் பிடிக்காது. நீளமான புது யூ-போல்ட்டைப் பிளேட்டோடு சேர்த்தே வாங்க வேண்டும்.

ஸ்பிரிங்கில் என்ன செய்தாலும் டயரின் தாங்கும் அளவு கூடாது. 145/80 ஆர்12 டயரின் ஓரத்தில் 74 என்று போட்டிருந்தால், சரியான காற்றோடு அது தாங்குவது 375 கிலோ. ரப்பர் போட்டதும் வண்டி அமுங்கவில்லை, அதனால் இன்னும் இரண்டு மூட்டை ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணைக் குனிந்து பார்க்க வேண்டும்.

பாரும் பிளேட்டும்

பானெட்டுக்கு அடியில் இரண்டு ஏப்ரன் மேடைகளையும் குறுக்கே இணைக்கும் ஸ்ட்ரட் பார் இப்போது வாலிபர்களின் ஆசை. பளபளவென்று நிறத்தோடு வருகிறது. ரேஸ் பாதையில் ஒட்டும் டயரோடு வளைவில் வெட்டும் வண்டிக்கு அதனால் பயன் உண்டு. ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ஆபீஸ் போய்வரும் ஆல்டோவுக்குத் தேவையே இல்லை. மேலிருந்து வரும் சுமையை அது துளியும் தாங்காது, இடது வலது அசைவை மட்டும் கட்டும். நடுவில் போல்ட் மூட்டு வைத்த மலிவான பார் அதைக்கூடச் செய்யாது. பானெட்டின் உள்பக்கம் இடிக்கிறதா, பிரேக் சிலிண்டரில் உரசுகிறதா என்பதெல்லாம் தனிக் கவலை.

ஏப்ரன் பிளேட் வேறு வகை. 2001இல் பிஎம்டபிள்யூ மறுபடி கொண்டுவந்த மினி காரில், குழியில் பலமாக அடிவாங்கினால் ஸ்ட்ரட்டின் தலை மேடையையே கீழிருந்து மேல்நோக்கிக் குடைபோல உப்ப வைத்துவிடும். அந்த வண்டியின் சொந்தக்காரர்கள் மத்தியில் இது பேர்போன பிரச்சினை. அதற்கென்றே மேடையின் வடிவத்துக்கு வெட்டிய கனத்த எஃகு பிளேட்டுகள் வெளிச்சந்தையில் வந்தன. சின்ன வட்டத்தில் விழும் அடியை மேடை முழுதும் பரப்பிவிடுவது அதன் வேலை. உப்பிய தகட்டை முதலில் தட்டி மட்டமாக்கிவிட்டுத்தான் பிளேட்டை மாட்ட வேண்டும், மேட்டின் மேலேயே வைத்து இறுக்கினால் பலனில்லை. சரியான இடத்தில் போடும் பலப்படுத்தல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம். தகடு எங்கே தோற்கிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்துக்கு மட்டும் போடுகிறார்கள். முதல் மினியோ, 1959இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தது, ஸ்பிரிங்குக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் செய்த ரப்பர் கூம்புகளின் மேல்தான் ஓடியது. அமுங்க அமுங்கத் தானே கெட்டியாகும் ரப்பர். வெறும் வண்டியும் நிறைந்த வண்டியும் பெரிதும் வேறுபடும் சிறிய காருக்கு அதைவிடப் பொருத்தமான யோசனை அன்று இல்லை. முழு வண்டியையும் ரப்பருக்கு ஏற்பக் கணக்கிட்டதால் அது நடந்தது, பின்னால் செருகியதால் அல்ல.

நம் பட்டறைகளில் பிளேட் என்றால் பெரும்பாலும் வெல்டிங் பிளேட். கிரில் கேட்டுக்கு அடிக்கும் அதே ஆர்க் வெல்டிங்கை ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத காரின் தகட்டில் வைத்தால் ஓட்டை விழும். விழாவிட்டாலும் சூட்டில் சுற்றியுள்ள இரும்பு பலமிழந்து, துத்தநாகப் பூச்சு எரிந்து, வெல்டிங்குக்கு ஒட்டினாற்போல அடுத்த விரிசல் வரும். சி.ஓ.2 வெல்டிங், சின்னச் சின்னப் பொட்டாக, ஆற ஆற வைக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றாமல் வைத்தால் கம்ப்யூட்டர் பெட்டி போய்விடக்கூடும். பின்பக்கம் வெல்டிங் என்றால் பெட்ரோல் டேங்க் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பார்ப்பது உயிர்ப் பிரச்சினை. முடித்ததும் உள்பக்கத்துக்கும் பிரைமரும் மெழுகுப் பூச்சும் போகாவிட்டால் உப்பு ஊரில் அந்த வேலை நீடிக்காது.

வண்டிக்கு அடியில் போகுமுன்

எந்தச் சாமானைப் போட்டாலும் வண்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தைத்தான். ரோட்டோரம் ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருக்கும் பையன்களை இந்த வழியில் போகும்போதெல்லாம் பார்க்கலாம். வண்டியோடு தரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அடியில் ஆள் போவதென்றால் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது. அவை மெல்ல நசுங்குவதில்லை, நொடியில் சிதறும். ஜாக்கியும் ஸ்டாண்டும் நிற்கும் இடம் கதவுக்குக் கீழே விளிம்பில் வெட்டுக்குறி போட்டிருக்கும். துருப்பிடித்த வண்டியில் அந்த விளிம்பே உள்ளே மடியக்கூடும், அதனால் தூக்கியதும் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துவிட்டே அடியில் போக வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கை நம்பி ஏமாறுவோர் நிறைய. அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதற்குப் பிடிக்க ஒன்றுமில்லை. ஆல்டோ போன்ற முன் சக்கர வண்டியில் கியரில் போட்டால் முன் சக்கரம் ஓரளவு நிற்கும். ஓம்னியில் இன்ஜின் திருப்புவதும் பின் சக்கரத்தைத்தான், அதனால் கியரும் உதவாது. முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஓம்னியின் பின்பக்கத்தைத் தூக்கவே கூடாது.

முன் ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது அமுங்கிய ஸ்பிரிங்குக்குள் நூற்றுக்கணக்கான கிலோ விசை அடைந்து கிடக்கும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரண்டு பக்கமும் சமமாக மாட்டி, ஸ்பிரிங் தன் தட்டில் தளர்ந்து ஆடுவதைக் கையால் உறுதி செய்த பிறகுதான் நடு நட்டைத் தொட வேண்டும். கயிறு கட்டியும் கம்பி சுற்றியும் கழற்றுகிற பட்டறை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். பின்னால் ஆக்சிலை இறக்கும்போது அதன் எடை பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது, அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்துத் தாங்க வேண்டும். பஃபரைச் செருக கிரீஸ் பூசுவது வழக்கமாக இருக்கிறது. பெட்ரோலிய கிரீஸ் பக்கத்தில் உள்ள ரப்பர்களைத் தின்றுவிடும், சோப்புத் தண்ணீர் போதும். இரண்டு பக்கமும் ஒரே சுற்றில், ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சஸ்பென்ஷன் போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் பொறித்திருக்கும். எண் இல்லாத கடைப் போல்ட் கேட்டுக்கும் பீரோவுக்கும் சரி. உள்ளே நைலான் வளையம் வைத்த நட் ஒருமுறை கழற்றினால் அதன் பிடி போயிற்று, புதிது போட வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

பெரும்பாலோர் தவறவிடும் ஒன்று இதுதான்: லோயர் ஆர்ம், டிரெய்லிங் ஆர்ம் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி இறுக்கு இறுக்கக்கூடாது. ரப்பர் புஷ் உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியிருக்கும், முறுக்கிக்கொண்டுதான் அசையும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே நிற்கும், சில மாதங்களில் கிழிந்துவிடும். அரைகுறையாக மாட்டி, வண்டியை இறக்கி, சக்கரத்தின் மேல் முழு எடையும் விழுந்த பிறகே இறுக்க வேண்டும். பட்டறையில் குழி இருப்பதன் அருமை இதற்குத்தான்.

வேலைக்கு முன்பே மட்டமான தரையில் காலி வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு மறுபடி அளந்தால் எவ்வளவு உயர்ந்தது, இரு பக்கமும் சமமா என்று தெரியும். முன் அளவையிலேயே ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் முறிந்திருக்கலாம், அல்லது களைத்திருக்கலாம். பல வண்டிகளுக்கு உண்மையில் தேவைப்படுவது கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங், புது ஷாக், புது மவுன்ட் மட்டும்தான். பஃபரைவிடச் செலவு கூடுதல். பத்து ஆண்டு ஓடிய வண்டிக்கு என் பரிந்துரை அதுவே.

உயரம் மாறினால் சக்கரத்தின் கோணம் மாறும், அலைன்மென்ட் செய்தாக வேண்டும். பின்பக்கம் உயர்ந்தால் ஹெட்லைட் தரையைப் பார்க்கும், அதையும் திருப்ப வேண்டும். முதல் ஓட்டத்தை ஏலகிரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பின்பக்கம் மட்டும் கெட்டியான காலி வண்டி, மழை ஈரத்தில், அந்தப் பதினான்கு கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும்போது பின் சக்கரம் பிடி விட்டு வெளியே ஒதுங்கும் குணம் கூடியிருக்கும். ஆளில்லாத மட்டமான சாலையில் மெதுவாக ஓட்டி, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி பட்டறைக்குப் போய் ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி. புத்தகமும் ரசீதும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங், ஷாக் மாற்றுவது பழுதுபார்ப்பு, அதில் சிக்கல் இல்லை. வண்டியைத் தூக்கும் ஸ்பேசர், பாடியில் வெல்டிங் செய்யும் பிளேட் என்று போனால் வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் முதலில் படுவது இந்தச் சாமான்தான்.

வேலை முடிந்ததும் பட்டறையில் ரசீது கேளுங்கள். போட்ட பாகத்தின் பெயர், எண், தேதி, அன்றைய கிலோமீட்டர், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த உயர அளவு எல்லாம் அதில் இருக்கட்டும். வண்டியை விற்கும் நாளில் அந்தத் தாளையும் ஆர்.சி.யோடு சேர்த்துக் கொடுங்கள். அடுத்து அந்த ஸ்பிரிங்கைக் கழற்றப்போகும் மெக்கானிக்குக்கு அது வேண்டும்.